கீழுலகில் பாதி ஆண்டு

மெசபொத்தேமியா எங்கே இருக்கிறது என்று அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால், உலகப் படத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். நேராகப் பம்பு வீட்டுப் பக்கம் கையைக் காட்டியிருப்பார்கள். மண்ணுக்கு அடியில் ஊறும் நல்ல தண்ணீருக்கெல்லாம் என்கி என்றொரு சாமிதான் சொந்தக்காரர் என்று நான் சொல்லி வைத்ததால் வந்த வினை அது. அப்படியென்றால் அவர் பம்பு வீட்டுக்குள்தான் இருப்பார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னை உட்கார வைத்து அனுபவம் சொல்லச் சொல்கிறீர்கள். பாடக்குறிப்பு எழுதுவது, கால அட்டவணை போடுவது இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், என்னைவிட நன்றாகவே. அதை விடுங்கள். வகுப்பு நடுவில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நான் நின்றிருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

எழுபதுகளின் பிற்பாதி. சிரம்பானுக்குப் பக்கத்து லாபுவிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் ரப்பர்த் தோட்டம் அது. மேட்டில் பள்ளிக்கூடம். கீழே பள்ளத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயங்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான ஓர் அறையில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்தே என்னிடம் படித்தன. பழைய நாகரிகங்களைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. சிரம்பானில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதிலிருந்த சுமேரியச் சாமிகளின் கதைகளை வாரத்தில் ஒருநாள் கடைசிப் பாடவேளையில் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

அந்தக் கடைசிப் பாடவேளையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாதி தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பருவம். காற்று வந்தால் செந்நிற இலைகள் சன்னல் வழியாக உள்ளேயே வந்து விழும். தூரத்தில் புகைக்கொட்டகையிலிருந்து ரப்பர் ஷீட்டுகள் வாடும் வாசனை வரும். பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் கணக்குப்படி காற்றின் சாமியான என்லில் மேட்டுக்காட்டில் இருந்தார். நிலாச் சாமி நன்னா புகைக்கொட்டகைக் கூரையில் ஏறுவார். சூரியச் சாமி உத்து நியாயம் வழங்குபவர் என்று சொன்னதும், காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தை அவருக்கு ஒதுக்கினார்கள். அங்கேதான் ஒருவர் நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள்.

அந்தப் பெண்தான் குமுதா. ஐந்தாம் வகுப்பு. அவள் தம்பி தேவன் அதே அறையில் நாலாம் வகுப்பு. தகப்பன் முந்திய ஆண்டு மரம் மேலே சாய்ந்து இறந்துபோனார். தாய் அஞ்சலை பால்மரம் வெட்டித்தான், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்துத்தான், குடும்பம் நடந்தது. வீட்டில் கடைசித் தம்பியாக ஒரு கைக்குழந்தையும் உண்டு. அதற்கு அடிக்கடி இழுப்பு வரும். மூச்சு விட முடியாமல் நெஞ்சு குழி விழும்.

ஒரு திங்கட்கிழமை குமுதாவின் இடம் காலியாக இருந்தது. தேவனைக் கேட்டேன்.

"அக்கா நின்னுட்டா டீச்சர்" என்றான்.

தோட்டத்தில் 'நின்னுட்டா' என்றால் காய்ச்சல் என்று அர்த்தமில்லை. படிப்பு முடிந்தது என்று அர்த்தம். அன்று மத்தியானமே லயத்துக்குப் போனேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அந்தக் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆயா கைவிரித்துவிட்டாள். ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழும் என்ற பயம் அவளுக்கு. அஞ்சலை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே குமுதா நின்றுவிட்டாள். குமுதா குழந்தையைத் தோளில் போட்டபடி, இந்த வாரம் எந்தச் சாமி என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் இனன்னாவின் கதையில் முக்கால்வாசியில் நின்றுகொண்டிருந்தேன். இனன்னா என்ற வானத்து அரசி தன் அக்கா எரெஷ்கிகல் ஆளும் கீழுலகத்துக்குப் போய், அங்கேயே இறந்து, பிறகு உயிர்பெற்று எழுகிறாள். ஆனால் கீழுலகத்தின் சட்டம் கறாரானது. அங்கிருந்து ஒருவர் மேலே வந்தால் இன்னொருவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். இனன்னா தன் கணவன் துமுசியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். அப்போது துமுசியின் சகோதரி வந்து, பாதி ஆண்டு என் தம்பிக்குப் பதிலாக நான் கீழே இருக்கிறேன், மீதிப் பாதி அவன் இருக்கட்டும் என்று கேட்டு வாங்குகிறாள். அதனால்தான் பூமி பாதி ஆண்டு காய்ந்தும் பாதி ஆண்டு தழைத்தும் கிடக்கிறது என்று அந்த ஊர் மக்கள் நம்பினார்கள் என்றேன்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சாமிக் கதை சொல்லும்போது 'இது பொய்' என்றும் சொல்லாதீர்கள், 'இது மெய்' என்றும் சொல்லாதீர்கள். 'அவர்கள் இப்படி நம்பினார்கள்' என்று சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தேவன் எழுந்து நின்றான். "தம்பிக்காக அக்கா போனாளே, அக்காவுக்காக தம்பி போவக் கூடாதா டீச்சர்?"

"போகலாம். ஏன் கூடாது?" என்றேன். மணி அடித்துவிட்டது.

மறுநாள் தேவன் வரவில்லை. குமுதா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தேவன் எங்கம்மா?"

"இன்னிக்கு அவன் முறை டீச்சர். அவன் குட்டித் தம்பிய பாத்துக்கிறான். நாளைக்கு நான் கீழ போவேன், அவன் மேல வருவான்." ஏதோ பேருந்து நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

அப்படியே நடந்தது. ஒருநாள் அவள், ஒருநாள் அவன். வராத நாளின் பாடத்தை வந்த பிள்ளை சாயங்காலம் மற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. தேவன் கேட்டிராத பாடத்தை நான் கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்வான், அதுவும் குமுதாவைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு. எனக்குச் சில சமயம் இரண்டு பேரும் ஒரே பிள்ளையோ என்றே மயக்கமாக இருக்கும். அஞ்சலைக்கு இது தெரியாது. அவள் விடியும் முன் ரப்பர்க் காட்டுக்குப் போனால், பாலை எடை போட்டுவிட்டு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த, அதிகம் பேசாத மனிதர் அவர். "பாப்போம்" என்றார்.

லயத்தில் எது மறையும்? ஒருநாள் பள்ளி முடிவதற்கு முன்பே அஞ்சலை மேட்டில் ஏறி வந்தாள். சட்டையெல்லாம் ரப்பர்ப்பால் காய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. இடுப்பில் கைக்குழந்தை. மறு கையில் தேவன். நேராக வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுல புள்ளைய ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான் டீச்சர்! லயமே சிரிக்குது. என்னடான்னு கேட்டா, பாதி அவ, பாதி நானுங்கிறான். எந்த ஊரு சாமி டீச்சர் இப்படிச் சொல்லுச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள்.

"பொண்ணு நின்னாலும் பையனாச்சும் முழுசா படிப்பான்னு இருந்தேன். இப்ப ரெண்டும் அரையும் கொறையுமா போச்சில்ல? நீங்க கதை சொல்லிட்டு சிரம்பான் பஸ்ஸு ஏறிப் போயிருவீங்க. நான் என்னா செய்றது?"

பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பே இல்லையே. உங்களுக்கும் இப்படி ஒரு பெற்றோர் வருவார், கட்டாயம் வருவார். அப்போது நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கதையில் இனன்னாவை மீட்க என்கி சாமி தன் நகத்தடி அழுக்கிலிருந்து இரண்டு சின்ன உயிர்களைச் செய்து கீழே அனுப்புவார். அங்கே எரெஷ்கிகல் வலியில் கிடந்து முனகிக்கொண்டிருப்பாள். 'ஐயோ என் வயிறு' என்பாள். அவை 'ஐயோ உங்கள் வயிறு' என்னும். 'ஐயோ என் முதுகு' என்பாள். 'ஐயோ உங்கள் முதுகு' என்னும். சண்டை போடாது, புத்தி சொல்லாது. கடைசியில் அந்தக் கோபக்கார அரசி மனம் இளகி, என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவாள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"இடுப்பு ஒடியுது டீச்சர்" என்றாள் அஞ்சலை.

"ஒடியத்தான் செய்யும்" என்றேன்.

"ஒத்த ஆளா எத்தனையத்தான் பாக்குறது?"

"ஒத்த ஆளா முடியாதுதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குமுதாவின் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். குழந்தை இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்த சந்தோஷத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கதையில அம்மாக்காரி இல்லியா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இருந்தா. பிள்ளைய நெனச்சி அழுதா."

"அழுதாளா? அழுவுறதுக்கு நேரம் கெடச்சிச்சே அவளுக்கு, அதுவே பெரிசுலா" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என் தலையில் இடியை இறக்கினாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. ரெண்டுல யாரு படிக்கணும்? ஒருத்தர காட்டுங்க. நான் மறுபேச்சு பேசல."

குமுதா என்னைப் பார்த்தாள். தேவனும் பார்த்தான். நல்ல படிப்பு யாருக்கு என்று எனக்குத் தெரியும். சின்னவன் யார் என்றும் தெரியும். எதைச் சொன்னாலும் நியாயம் போலவே இருந்திருக்கும். ஆனால் இனன்னா துமுசியைக் காட்டிக்கொடுத்த இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு விரல் அசைந்தால் ஒரு பிள்ளை கீழே போய்விடும்.

"நான் யாரையும் காட்ட மாட்டேன் அஞ்சலை" என்றேன். "யாராவது ஒருத்தர் கீழ இருந்தே ஆகணும்னு அந்த ஊர் சாமிங்க சட்டம் போட்டாங்க. நமக்கு யார் போட்டா? குழந்தைய இங்க கொண்டாங்க. இந்த ரூம்பிலேயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்ட பிறகுதான் வாசலில் தலைமையாசிரியர் நிற்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வகுப்புல தொட்டில் கட்ட அனுமதி கேட்டா, இல்லன்னுதான் பதில் வரும்" என்றார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அதனால கேக்க வேணாம். விட்டம் தாங்குமான்னு மட்டும் பாருங்க."

அஞ்சலை உடனே சம்மதித்துவிடவில்லை. பெஞ்சின் மேல் ஏறி விட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். இழுப்பு வந்தால் குழந்தையை எப்படி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்று என் தோளிலேயே சாய்த்துக் காட்டினாள். கடைசியில் சொன்னாள்: "ஒரே ஒரு சொல்லு குடுங்க டீச்சர். இழுப்பு வந்திச்சின்னா என்கிட்ட மறைக்கக் கூடாது. நான் காட்டுல எந்த மரத்து நெரையில நின்னாலும் ஆள் வுடணும்."

கொடுத்தேன்.

பிறகு வந்த வாரங்களை நான் கனவில் வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விட்டத்தில் ஒரு ஸ்பிரிங், அதில் ஒரு கைலி, கைலிக்குள் குழந்தை. கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் முறை வைத்து ஆட்டுவார்கள். ஸ்பிரிங் கிறீச் கிறீச்சென்று ஏறி இறங்கும். நான் அதன் வேகத்துக்கே கதை சொல்லப் பழகிக்கொண்டேன். களிமண்ணில் மனிதர்களைப் பிசைந்த சாமிகள், வானத்துக்கும் பூமிக்கும் நடுவே போகும் படிக்கட்டு, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து கிடந்த ஆதிகாலம். தொட்டில் நின்றால் கதையும் நின்றுவிடும். மரங்களில் புதுத் தளிர் வந்து வகுப்புக்குள் பச்சை வெளிச்சம் விழுந்தது. குமுதாவும் தேவனும் ஒரே நாளில் வந்தார்கள், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் பாடம் நடத்தியதில்லை.

அப்புறம் ஒருநாள் வானம் இருண்டது. மத்தியானத்துக்குச் சற்று முன். தலைமையாசிரியர் வேலையாகச் சிரம்பானுக்குப் போயிருந்தார். மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியதும் பிள்ளைகள், மழைச் சாமி இஷ்கூர் வந்துவிட்டார் என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் எனக்குக் கேட்டது. தொட்டிலைப் பிரித்தேன். குழந்தையின் நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

குமுதா முந்திக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்தாள். நான் தேவனை வாசலுக்கு இழுத்தேன். பால் நிறுக்கும் கொட்டகையில் ஆட்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள் நிற்கும். அவர் போனால் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து, எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிரசரை மருந்துப் பெட்டியோடு கூட்டி வரலாம்.

"ஓடு. மண்டோர்கிட்ட சொல்லு. சொல்லிட்டு அப்படியே அம்மாகிட்ட போ."

"அம்மாகிட்ட வேணாம் டீச்சர்!" இது குமுதா. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "டிரசர் வந்தா சரியாயிடும். அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் நின்னுருவேன். வேணாம் டீச்சர்."

தேவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றான். அந்த நேரத்தில் அஞ்சலை மரங்களில் கட்டியிருந்த கோப்பைகளில் சேர்ந்த பாலை மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருப்பாள். விட்டுவிட்டு வந்தால் அன்றைய பால் தண்ணீரோடு போகும். டிரசர் ஒரு ஊசி போட்டால் மூச்சு திரும்பிவிடலாம். சொல்லாமலே இருந்துவிட்டால் குமுதாவின் படிப்பு மிஞ்சலாம். இத்தனையும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகி, தாய்க்கு நாம் சொல்லாமல் இருந்தோம் என்றால், அதற்குப் பிறகு எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் அந்த மேட்டுக்கு நம்பி அனுப்ப மாட்டாள். குமுதாவின் கண்ணைப் பார்த்தால் என் மனம் மாறிவிடும் என்று பயந்து, பார்க்காமலே சொன்னேன்.

"அம்மாகிட்டயும் சொல்லணும். ஓடு."

அவன் ஓடினான். குமுதா குழந்தையை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்திப் பிடித்தபடியே நின்றாள். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டார்கள். கூரையில் மழையும் அதற்கு அடியில் அந்தச் சின்ன மூச்சும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. முன் பெஞ்சில் ஒரு சிறுமி மெதுவாக, "என்கி ஆள் அனுப்புவாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"தேவன் ஓடியிருக்கான்ல" என்றேன்.

அஞ்சலைதான் முதலில் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய, வாளியில்லாமல், கத்தியில்லாமல் வந்தாள். அவள் குழந்தையை வாங்கிய கையோடு மண்டோரின் மோட்டார் சத்தமும் கேட்டது. டிரசர் ஊசி போட்டார். நாங்கள் காத்திருந்தோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. குழந்தையின் உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. பிறகு அது தாயின் தோளில் வாயைப் பிளந்து தூங்கிப்போனது. டிரசர், "இனி பயமில்லலா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

குமுதா இதற்குள் தன் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாய் கூப்பிட்டால் கிளம்பத் தயாராக வாசற்படியில் போய் நின்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகையை அடக்க முடியவில்லை. அஞ்சலையின் பக்கம் பார்க்கத் தெம்பில்லாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

அஞ்சலை எழுந்து தொட்டிலுக்குக் கீழே வந்து நின்றாள். விட்டத்தைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். கைலியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"தொட்டில கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டணும் டீச்சர்" என்றாள். "இங்க சாரல் அடிக்குது."

வாசற்படியில் நின்ற குமுதா தோளிலிருந்து பையை இறக்கினாள்.